‘ஒழுக்க விதிகள்’ என்ற தலைப்பு எங்கே குத்தியது?

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் அலுவலக மேலாளராக இருக்கிறீர்கள். நிர்வாகம் ஆங்கிலத்தில் ‘கோட் ஆஃப் எத்திக்ஸ்’ ஒன்றைத் தயாரித்து, அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. நீங்களும் அகராதியைப் பார்த்து ‘ஊழியர்களுக்கான ஒழுக்க விதிகள்’ என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்கள். மறுநாளே செவிலியர்கள் சிலர் வந்து, “எங்க ஒழுக்கத்துல என்ன குறை கண்டீங்க மேடம்?” என்று கேட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான உங்கள் அப்பாவோ, “உயிரைவிட மேலானது என்று வள்ளுவர் சொன்ன சொல் அது. அதில் என்ன தப்பு?” என்கிறார். அறம், ஒழுக்கம், நெறி, நீதி, தர்மம், நடத்தை ஆகியவற்றில் எதைத்தான் போடுவது, எத்திக்ஸும் மாரல்ஸும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா சொல்வது சரி. செவிலியர்களுக்குப் பட்டதும் சரி. ஆனால் அறிவிப்புப் பலகை என்று வரும்போது செவிலியர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். அந்தத் தலைப்பை மாற்றிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே தவறை நானும் செய்திருக்கிறேன். மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதுதான் பல வருடமாக என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரியின் விடுதிக் கையேடு திருத்தத்துக்கு வந்தது. ஆண்கள் விடுதிப் பகுதிக்கு ‘விடுதி விதிமுறைகள்’ என்று தலைப்பு. பெண்கள் விடுதிப் பகுதிக்கு ‘ஒழுக்க விதிகள்’. உள்ளே இருந்த விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யார் வந்து பார்க்கலாம், சாப்பாட்டுக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும். ஒற்றுப்பிழைகளை எல்லாம் திருத்திய நான் அந்த இரண்டு தலைப்புகளையும் அப்படியே விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகு அங்கே படித்த ஒரு மாணவி கேட்டாள்: “சார், பசங்களுக்கு விதிமுறை, எங்களுக்கு மட்டும் ஒழுக்கமா?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் செவிலியர்களின் கேள்வியைப் படித்தபோது அந்தக் குரல்தான் மறுபடி கேட்டது.

இன்றைக்குத் தெருவிலும் செய்தித்தாளிலும் ‘ஒழுக்கம்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ‘ஒழுக்கங்கெட்டவள்’ என்று ஒருவர் திட்டினால், அவர் அந்தப் பெண் லஞ்சம் வாங்கினாள் என்றோ, எடை குறைத்து விற்றாள் என்றோ சொல்லவில்லை. அந்த வசைக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. ஓர் அதிகாரி கோடிக்கணக்கில் சுருட்டினால் அவரை ஊழல்வாதி என்கிறோம், ஒழுக்கங்கெட்டவர் என்பதில்லை. அவ்வளவு பெரிய சொல், ஆண் பெண் உறவை, அதிலும் பெரும்பாலும் பெண்ணை, வேவு பார்க்கிற வேலைக்குச் சுருங்கிவிட்டது. இரவுப் பணி முடித்துப் பேருந்துக்கு நிற்கும்போதே அக்கம்பக்கத்தாரின் பார்வையைத் தாங்கிப் பழகிய செவிலியர்களுக்கு, வேலையிடத்துப் பலகையிலும் அதே சொல் எதிர்ப்பட்டால் எப்படி இருக்கும்?

சொல் பிறந்தபோது இப்படி இல்லை. ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது அது. கூரை ஒழுகுகிறது, மூக்கு ஒழுகுகிறது என்கிறோமே, அதே ஒழுகுதான். நீர் தன் போக்கில் இறங்கி ஓடுவதுபோல் ஒருவர் வாழ்க்கையில் நடந்து செல்லும் விதம் ஒழுக்கம். ஒழுங்கு என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். யாழ்ப்பாணத்தில் சந்துத் தெருவை ஒழுங்கை என்பார்கள்.

அந்த நடையில் நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம். அகப்பொருள் இலக்கணத்தில் களவொழுக்கம், கற்பொழுக்கம் என்று வரும். தலைவன் பரத்தையிடம் போவதற்கும் பரத்தையர் ஒழுக்கம், புறத்தொழுக்கம் என்றே பெயர். அங்கெல்லாம் ஒழுக்கம் என்றால் நடந்துகொள்ளும் முறை, அவ்வளவே. குறளில் ‘ஒழுக்கமுடைமை’ அதிகாரத்திலேயே ‘நல்லொழுக்கம்’, ‘தீயொழுக்கம்’ என்று இரண்டும் ஒரே குறளில் வருகின்றன (138). தீய என்ற அடையும் சேரக்கூடிய சொல்லாகத்தான் அது அப்போதும் இருந்தது. அதே அதிகாரத்தில் அடையே இல்லாமல், உயிரினும் மேலாகக் காக்க வேண்டியதாகவும் வருகிறது (131). பொதுச் சொல்லாக இருந்து நற்பொருளுக்கு நகர்ந்த பாதை அந்தப் பத்துக் குறளுக்குள்ளேயே தெரிகிறது. அப்பாவிடம் இதைக் காட்டுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்’ (415). இழுக்கல் என்றால் வழுக்கு நிலம். சேற்றில் கால் சறுக்கும்போது ஊன்றிக்கொள்ளக் கிடைக்கிற கோல்போல ஒழுக்கமுடையவர் பேச்சு உதவும் என்கிறார். இங்கே ஒழுக்கம் விழப்போகிற ஒருவர் பிடித்துக்கொள்வதற்கு இருக்கிறது. அடிக்க ஓங்கிய கோலாக அதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘ஒழுக்கமுடைமை’ அதிகாரத்துக்குப் பிற்காலத்தில் உரை எழுதிய பரிமேலழகர், அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் விதித்தபடி நடப்பதையே ஒழுக்கம் என்று விளக்கினார். இன்னாருக்கு இன்ன ஒழுக்கம் என்று பிறப்பை வைத்துப் பங்கு போட்ட காலமும் இந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. ஆக, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு அளந்து கொடுப்பது என்ற வாடை இன்று நேற்று வந்ததல்ல. நிர்வாகம் ஊழியருக்கு ‘ஒழுக்கம்’ விதிக்கும்போது அந்தப் பழைய வாடைதான் எழும்புகிறது.

சரி, எதைப் போடுவது? நான் வேலையில் கடைப்பிடிக்கிற ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு சொல்லின் பொருள் சந்தேகமாக இருந்தால் அகராதியைவிட அது எந்த வினையோடு சேர்கிறது என்று பாருங்கள்.

விதியை மீறுகிறோம். கோடு போட்டிருக்கிறது, இந்தப் பக்கம் நின்றால் சரி, தாண்டினால் மீறல். மீறினால் அபராதமோ விளக்கக் கடிதமோ உண்டு. நெறியை யாரும் மீறுவதில்லை. நெறியிலிருந்து பிறழ்கிறோம், வழுவுகிறோம். நெறி என்றால் பாதை. பாதையை விட்டு விலகியவர் திரும்பி வரலாம். ஒழுக்கமோ கெடுகிறது. பால் கெடுவதுபோல, கெட்டால் கெட்டதுதான் என்ற தொனி அதில் இருக்கிறது. அறத்தைச் செய்கிறோம், செய்யாமல் தவறுகிறோம். ‘அறம் செய விரும்பு’ என்று சின்ன வயதில் முதல் வரியாகப் படித்தோமே, அங்கே மீறலுக்கும் தண்டனைக்கும் இடமே இல்லை. செய் என்றுகூட அதட்டவில்லை. விரும்பு என்கிறாள் ஔவை.

இப்போது உங்கள் ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை ஒருவர் மீறுவாரா, இதிலிருந்து வழுவுவாரா, இதைச் செய்வாரா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலை வைத்து நான் அப்படிச் செய்து பார்த்தேன். அடையாள அட்டை அணிவது, பணிமாற்ற நேரத்துக்கு வருவது, பிரசவ அறையில் செல்போன் எடுக்காமல் இருப்பது எல்லாம் மீறக்கூடியவை. இவற்றுக்கு ‘நடத்தை விதிகள்’ போதும். நோயாளியை ‘வாங்க, உட்காருங்க’ என்று அழைப்பது, வயதானவரை எல்லார் முன்னாலும் அதட்டாமல் இருப்பது, இன்னொரு டாக்டர் தந்த மருந்துச்சீட்டைப் பார்த்து நோயாளி எதிரில் முகம் சுளிக்காமல் இருப்பது ஆகியவை பண்பு. அப்புறம் மூன்றாவது வகை. ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் கமிஷன் வாங்காமல் இருப்பது, எச்.ஐ.வி. முடிவை நோயாளியைக் கேட்காமல் அவர் உறவினரிடம்கூடச் சொல்லாமல் இருப்பது, அறுவை சிகிச்சைக்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்குவது. இவை யாரும் பார்க்காத இடத்திலும் நிற்க வேண்டியவை. இந்தப் பகுதிக்குத்தான் ‘அறநெறி’ என்ற சொல் வேண்டும்.

இந்த மூன்றாகப் பிரிப்பது என் கற்பனை இல்லை. மருத்துவர்களுக்காக இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளின் ஆங்கிலப் பெயரிலேயே கண்டக்ட் (நடத்தை), எட்டிகெட் (பழகும் பண்பு), எத்திக்ஸ் (அறநெறி) என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் நிர்வாகம் இந்த மூன்றையும் ‘எத்திக்ஸ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. நீங்கள் அந்த மூட்டைக்குத் தமிழ்ப் பெயர் தேடினீர்கள். அவிழ்த்துப் பிரித்தால் பெயர் தானே கிடைத்துவிடும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்ற வரியை மட்டும் இந்த மூன்றிலும் சேர்க்காதீர்கள். அது 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த குற்றம். ‘சட்டப்படி குற்றம்’ என்று தனியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். குற்றத்தை அறிவுரைபோல் எழுதினால் அதன் கனம் குறைந்துவிடும்.

‘நடத்தை’யும் கறை படியாத சொல் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘நடத்தையில் சந்தேகம், மனைவி கொலை’ என்று செய்தித்தாள்கள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன! கொன்றவனின் சந்தேகத்தைத் தலைப்பாக்கி, இறந்துபோனவளின் பெயரைக் கெடுக்கிற அந்த வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். ஆனால் ‘நடத்தை விதிகள்’ என்று விதியோடு சேரும்போது அந்தக் கறை ஒட்டுவதில்லை. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். அந்த விதிகளின் தொடக்கம் 1960 கேரளச் சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. மந்திரிக்கும் தாசில்தாருக்கும் பொருந்துகிற சொல் செவிலியரைக் குத்தாது. ‘நன்னடத்தை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சிறையிலிருந்து முன்கூட்டி விடுதலை, நன்னடத்தை அலுவலர் என்று அது வேறு ஓர் உலகத்தைச் சேர்ந்துவிட்டது.

அறம் என்று மட்டும் போடாமல் ஏன் அறநெறி என்கிறேன்? அறம் என்ற சொல்லில் கொடை என்ற பொருள் ஆழமாக ஊறிவிட்டது. அறக்கட்டளை, அறநிலையத் துறை எல்லாவற்றிலும் அந்த அறம்தான். மருத்துவமனைப் பலகையில் ‘அறம்’ என்று மொட்டையாக எழுதினால், இலவச சிகிச்சை பற்றிய அறிவிப்பு என்றுகூட யாராவது நினைக்கலாம். இந்தக் குழப்பமும் பழையது. புறநானூற்றில் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும் புலவர், அவன் ‘அறவிலை வணிகன்’ அல்லன் என்கிறார் (134). இங்கே கொடுத்தால் மறுமையில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைக்கு விற்கிறவன் அல்லன்; சான்றோர் சென்ற நெறி என்பதால் அவனும் அதில் நடக்கிறான். அந்தச் சில அடிகளில் அறமும் நெறியும் அருகருகே வருகின்றன. கமிஷன் கணக்குப் போடுகிற இந்தக் காலத்து மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரிகள் எனக்குத் தெரியவில்லை.

‘நெறிமுறை’ என்று எழுதலாமா என்று பக்கத்தில் குறித்திருந்தீர்கள். கொரோனா காலத்து ‘வழிகாட்டு நெறிமுறைகள்’ வந்த பிறகு முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல் என்று செயல்முறைக்கே அது பழகிவிட்டது. ஊசியை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கு நெறிமுறை சரியான சொல். அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ‘அறவியல்’ என்பது பாடத்தின் பெயர், வகுப்பில் படிப்பது. நீதி என்றால் இப்போது நீதிமன்றம்தான் கண்முன் வரும். நீதிபோதனை வகுப்பு, நீதிக்கதை என்று அது ஒரு காலத்தில் நல்வழிக்கும் நின்றது. 1859இல் ‘நீதிநூல்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் என்ற கீழ்நிலை நீதிபதியாகவும் இருந்தவர், அவர் நாளில் இரண்டு பொருளும் சேர்ந்தே ஓடின.

தர்மம் வேண்டாம். கையேந்துகிறவர் கேட்பது தர்மம், அந்தக் காலத்து அரசு மருத்துவமனை தர்மாஸ்பத்திரி. ஆனால் ‘தார்மீகம்’ என்ற உரிச்சொல் மட்டும் இன்னும் ஒரு நல்ல வேலையைச் செய்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, ரயிலை அவர் ஓட்டவில்லை, எந்தச் சட்டமும் அவரை விலகச் சொல்லவில்லை. அதைத்தான் தார்மீகப் பொறுப்பு என்கிறோம். உங்கள் ஆவணத்தின் 9ஆவது பத்தியில், துறைத்தலைவர் தன் துறையில் நடந்த தவறுக்குப் பொறுப்பேற்பது பற்றி வருகிறதே, அங்கே தயங்காமல் ‘தார்மீகப் பொறுப்பு’ என்று எழுதுங்கள். எல்லாருக்கும் புரியும்.

எத்திக்ஸ், மாரல்ஸ் இரண்டும் வேரில் ஒன்றுதான். கிரேக்கத்தில் குணத்தையும் பழக்கத்தையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது எத்திக்ஸ். அந்தக் கிரேக்கச் சொல்லை லத்தீனில் எப்படிச் சொல்வது என்று ரோமாபுரியின் சிந்தனையாளர் சிசெரோ யோசித்து, வழக்கம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து புதிதாக ஒன்றை உண்டாக்கினார். மாரல் அதிலிருந்து வந்தது. ஆக மாரல் என்பதே ஒரு மொழிபெயர்ப்பு. உங்களைப்போல் ஒருவர் மேஜையில் உட்கார்ந்து தேடி எடுத்தது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, நாளடைவில் தொழில் சார்ந்ததற்கு எத்திக்ஸ், சொந்த வாழ்க்கைக்கு மாரல்ஸ் என்று ஏறத்தாழப் பங்கிட்டுக்கொண்டது. தமிழில் அந்தப் பங்கீட்டை அறநெறி, ஒழுக்கம் என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது.

இந்த வித்தியாசம் வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 செப்டம்பரில், ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைச் சமூகம் சரி என்று நினைப்பது ஒன்று, அரசியலமைப்பு காக்கச் சொல்வது வேறொன்று என்று பிரித்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே மொராலிட்டி என்ற ஒரே சொல்தான்; முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துத்தான் பிரிக்க முடிந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. சமூக ஒழுக்கம், அரசியலமைப்பு அறம் என்று எழுதிவிடலாம். ஊர் பார்த்துக்கொண்டிருப்பது ஒழுக்கம். ஊரே எதிர்த்தாலும் ஒருவர் கையில் மிஞ்சுவது அறம்.

இலங்கைத் தமிழர்கள் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வரலாம். அங்கே ‘ஒழுக்கக்கோவை’ என்பது கோட் ஆஃப் கண்டக்டுக்கு வழங்கும் சொல், பத்திரிகையாளர்களுக்கும் உண்டு. நாம் ஒழுங்கு நடவடிக்கை என்பதை அவர்கள் ஒழுக்காற்று நடவடிக்கை என்பார்கள். அங்கே அந்தச் சொல்லின் அகலம் அலுவலக மொழியில் காப்பாற்றப்பட்டிருக்கிறது, எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. உங்கள் மருத்துவமனை யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் ‘ஒழுக்கக்கோவை’ என்றே எழுதச் சொல்லியிருப்பேன்.

தலைப்பு இப்படி இருக்கட்டும்: ‘மருத்துவ அறநெறியும் பணியாளர் நடத்தை விதிகளும்’. பணியாளர் என்பதில் டாக்டர்களும் நிர்வாகிகளும் அடங்குவார்கள் என்று முதல் வரியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். கமிஷன் விஷயம் செவிலியரைவிட அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

பழைய தாளைச் சத்தமில்லாமல் கிழித்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்களிடம் வந்து கேட்டவர்களில் மூத்த செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டு, புதிய வரைவை அச்சுக்குப் போகுமுன் அவர் கையில் கொடுங்கள். எந்தச் சொல் உறுத்துகிறதோ அதன் கீழே கோடு போடச் சொல்லுங்கள். அவர் கோடு போட்ட நகலை எனக்கும் ஒன்று அனுப்பினால், அந்த இடங்களுக்கு வேறு சொல் தேடுவதை நாம் சேர்ந்து செய்யலாம்.